கை நனைக்காத விருந்தாளி

எல்லாத்துக்கும் காரணம் காசியம்மாதான். ஆத்தூரில் மகனை பஸ் ஏற்றிவிட வந்தவள், சும்மா டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தா பாரு மணி, பொண்ணு கேக்கப் போற. பேசி முடியற வரைக்கும் அவங்க வீட்டுல கை நனைச்சிராத. சோத்தத் தின்னுட்டு அப்புறம் பொண்ணு கேட்டான்னு பேராயிரும்" என்று ஓதி அனுப்பினாள். முப்பது வயசை நெருங்கியும் மணிபாரதி அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. வேறென்ன வேண்டும், கெட்டுப்போவதற்கு?

கேட்க வேண்டியது ஜெமிமாவை. கேட்க வேண்டிய ஆள் அவள் அண்ணன் ரொனால்ட். கோயம்புத்தூரில் மணிபாரதியோடு ஒரே அறையில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவன். ஜெமிமா அங்கே படிக்க வந்தபோது பழக்கமாகி, அது ஊறி, இப்போது கல்யாணப் பேச்சில் வந்து நிற்கிறது. "அண்ணன்கிட்ட நீயே வந்து கேளு" என்று சொல்லியிருந்தாள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், இவன் மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். ரொனால்டின் ஊரான காரைக்கால் வரும் வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை காலையில் அங்கே தருமபுரம் பகுதியில் இருந்த ரொனால்ட் வீட்டு வாசலில் போய் இறங்கினான். ரொனால்டின் அம்மா ஆரோக்கியசெல்வி புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா சூசைராஜ் மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்து கையைப் பிடித்தார். கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, இடியாப்பமும் கோழிக் குழம்பும் ஆவி பறக்க இருந்தன. சமையலறை நிலைப்படியில் ஜெமிமா, கையில் தண்ணீர்ச் செம்பு.

"வாங்க தம்பி, கையக் கழுவிட்டு உக்காருங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"இல்லங்கம்மா, எதுக்குச் சிரமம்? நானும் ரொனால்டும் வெளிய சாப்ட்டுக்கறோம்."

"சிரமமா? ரெண்டு இடியாப்பம் சாப்புடறதுல என்ன சிரமம்?"

"வேண்டாங்கம்மா."

"ஒரு வாய் காப்பியாவது குடிங்க."

"இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன்."

பச்சைப் பொய். ஜெமிமா செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சூசைராஜ் மகனைப் பார்த்தார். ரொனால்ட் வண்டிச் சாவியை எடுத்தான். அம்மா சொன்னதைக் காப்பாற்றிவிட்டோம் என்று மணிபாரதிக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. மண்ணாங்கட்டிப் பெருமை!

சனிக்கிழமை காரைக்காலில் நல்ல டிபன் கடையில் இடம் பிடிக்க முடியுமா? திருநள்ளாறு போய்விட்டு வந்த கூட்டம் அத்தனையும் ஈரத் தலையோடு அங்கேதான் நின்றது. சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரொனால்ட், ஒரு விஷயம் பேசணும்" என்று மணிபாரதி ஆரம்பித்ததும், பின்னால் நின்ற அம்மாள், "சாப்ட்டாச்சுன்னா எந்திரிங்க தம்பி, கொழந்த பசியில நிக்கிது" என்றாள். எந்திரித்தார்கள். பேச வந்தது சாம்பாரோடு உள்ளே போய்விட்டது.

ரொனால்ட் அப்படியொரு உம்மணாமூஞ்சி கிடையாது. அன்றைக்கு என்னவோ கேட்டால் பதில், இல்லாவிட்டால் இல்லை. துறைமுகம் பக்கம் சுற்றினான், அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினான், மறுபடியும் கிளப்பினான். ஜெமிமாவுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. மத்தியானம் வீட்டிலிருந்து போன் வந்தது.

"அம்மா கொடுவா மீன் கொழம்பு வச்சிருக்காம். வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டுவிட்டு மணிபாரதியின் முகத்தையே பார்த்தான் ரொனால்ட்.

அட, இப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? "வெளியவே பாத்துக்கலாம்டா" என்றான் இந்தப் புண்ணியவான்.

ரொனால்ட் உதைத்த உதையில் வண்டி உறுமியது. நேரே காஜா நஜ்முதீனின் பிரியாணிக் கடை. காஜா ரொனால்டோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மேசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "ஆத்தூரா? எங்க மாமியா ஊட்டுப் பக்கம்தான் அது. இன்னொரு கரண்டி வைப்பா இவருக்கு!" மணிபாரதி வாயைத் திறக்கும்போதெல்லாம் தட்டில் ஒரு கறித் துண்டு விழுந்தது. நல்ல பிரியாணிதான், யார் இல்லையென்றது? பேச வந்தவனுக்கு அது சாக்கு மூட்டையைத் தலையில் ஏற்றினமாதிரி இருந்தது. சீ, என்ன ஊர் இது, ஒரு மனுஷனை ஒரு நிமிஷம் தனியாகப் பேச விடாமல் தின்னத் தின்ன வைக்கிறார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பரோட்டாக் கடை. சாலையோரத்துப் பெஞ்சு, ஆள் அதிகமில்லை. தட்டு வந்தது. மணிபாரதிக்குப் பார்த்தாலே குமட்டியது.

"தின்னு" என்றான் ரொனால்ட்.

"முடியலடா."

"ஏன் முடியாது? ஊர்ல இருக்கற கடையெல்லாம் இனிக்கிதுல்ல? எங்க வீட்டு எலைதான ஒனக்குக் கசக்குது?"

"டேய், என்னடா பேசற?"

"வேற என்ன பேசணும்? எங்க அம்மா விடியக்காலையிலயே எந்திரிச்சு மாவு பெசைஞ்சுது. மத்தியானம் மறுபடியும் மானத்த விட்டுக் கூப்புட்டுச்சு. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல நீ."

மணிபாரதிக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு கேக்க வந்தவன் எப்படிடா கை நனைப்பான்? பேசி முடிக்காமச் சாப்புடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு. காலையில இருந்து கேக்கலாம்னு பாக்கறேன், எங்க விட்ட நீ? ஜெமிமாவ எனக்குக் குடுப்பீங்களான்னு கேக்கத்தான்டா வந்தேன்!"

ரொனால்ட் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவி! அது எங்களுக்குத் தெரியாதா? ஜெமிமா நேத்தே வீட்டுல சொல்லிட்டாடா. அப்பா ராத்திரி பூரா தூங்கல. விடியக்காலையில, 'சரி, வரட்டும், எலை போடுங்க'ன்னாரு. அந்த எலைதான்டா எங்க பதிலு. நீ வேணாம்னுட்டுப் போன. பயலுக்கு மனசு மாறிருச்சு, வேதக்காரன் வீடு ஆவாதுன்னு வந்து நேர்ல காட்டிட்டான்னு ஜெமிமா கதவச் சாத்திக்கிட்டா."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வேணாம்னவன்கிட்ட, எங்க தங்கச்சியக் கட்டிக்கன்னு நான் கெஞ்சணுமா? மத்தியானம் கேட்டேன்ல, வீட்டுக்குப் போவமான்னு. வேற எப்புடிக் கேக்க?"

மணிபாரதி தட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.

தருமபுரத்து வீட்டில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சூசைராஜ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. ரொனால்ட் அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். அதற்கும் அவர் திரும்பவில்லை, டிவியை மட்டும் அணைத்தார்.

மணிபாரதி ஆரோக்கியசெல்வி முன்னால் போய் நின்றான். "அம்மா, தப்புப் பண்ணிட்டேன். எதாவது இருந்தா போடுங்கம்மா, சாப்புடறேன்."

"இல்லியே தம்பி." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வீணாப் போவுதேன்னு அக்கம்பக்கம் குடுத்துட்டேன். சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு."

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தேவிட்டது. உள்ளறைக் கதவு திறந்தது. ஜெமிமாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தமும் அரிசி அளக்கும் சத்தமும் கேட்டன.

"அம்மா, அவர உக்காரச் சொல்லு. இனிமேதான் ஒல வைக்கணும், நேரமாவும். பொறுக்க முடியாதுன்னா ஊர்ல எத்தனையோ கடை இருக்கு, போவச் சொல்லு."

மணிபாரதி வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.