ஒரே ஒரு தரம் சொன்ன பேர்

"அன்னைக்கு நான் உங்கண்ணன் பேரச் சொல்லிட்டேனாத்தா?"

சேதுலட்சுமி இதைக் கேட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால், புருசனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில். அண்டாவைத் தேய்த்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள். புருசன் பேரை வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள்.

"இல்ல மதினி. அய்யா, ராசான்னுதான் அழுதீங்க" என்றாள் மதுமதி.

அது பொய். ஆனால் அதைக் கேட்டபிறகுதான் மதினி அன்றைக்கு ஒரு வாய் சோறு தின்றாள். அதனால் மதுமதி அதைப் பொய் என்றே கணக்கில் வைக்கவில்லை.

மதுமதியின் அண்ணன் செல்லச்சாமி பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மைக்செட் வைத்திருந்தவன். கோயில் கொடைக்குப் புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட ஏறியபோது கரண்டு அடித்துச் செத்துப்போனான். அவன் சாவுக்கு அவன் செட்டே ஓடியது. கூலிக்கு வந்த ஒப்பாரிக்காரம்மா தொண்டை காய்ந்து மைக்கைச் சேதுலட்சுமி கையில் கொடுக்க, அவள் அழுத அழுகையில் ஒரே ஒரு தரம் "ஏ செல்லச்சாமீ" என்று வந்து விழுந்தது. கொட்டுச் சத்தத்தில் ஊர் அதைக் கவனிக்கவில்லை. மைக்செட்டின் மிக்சர் பெட்டியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மறந்தவள் மதுமதி.

பிறகு செட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணம், சடங்கு என்று ஓடியது போக, மதுரையில் ஒருவரிடம் பழைய சுழல்மேசை ஒன்று வாங்கினாள். கம்ப்யூட்டரில் இருக்கிற எந்தச் சத்தத்தையும் அந்தக் கறுப்புத் தட்டின் வழியாகப் பிடித்து, கையால் முன்னும் பின்னும் இழுத்து, அறுத்து, தாளமாக்கலாம். யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராதவளுக்கு அந்தத் தட்டு வாய் மாதிரி ஆகிவிட்டது.

நாகநாதன் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கிற வேலையில் இருந்தான். கிதாரும் கையுமாக அலைபவன். சினிமாப் பாட்டை வாயில் எடுக்கமாட்டான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கத்துவான். மதுமதியின் தட்டு வாசிப்பை ஒரு கல்யாண வீட்டில் கேட்டுவிட்டுத் தேடிவந்தான். லாட்ஜின் மொட்டைமாடி அறையில், கடல் காற்றில் கதவு அடித்துக்கொள்ள, இருவரும் பாட்டுக் கட்டினார்கள். அங்கேதான் ஒருநாள் அவள் ஏதோ தேடப்போய் அந்த ஒப்பாரிப் பதிவு தவறி ஓடியது. நாகநாதன் கிதாரைக் கீழே வைத்துவிட்டான்.

"யாரு குரலு இது?"

"கூலிக்கு வந்த ஒப்பாரிக்காரம்மா."

கூலிக்கு அழுகிறவர்கள் பேர் சொல்லித்தான் அழுவார்கள். அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "இத அறுத்துப் போடு மது. தாளத்துல எட்டுத் தட்டுக்கு இந்தப் பேரு மட்டும்" என்றான்.

அவள் இழுத்தாள். செ-செ-செல்ல-செல்லச்சாமீ. உடம்பு புல்லரித்தது. அண்ணனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது? வீட்டில் அவன் 'அவுக'. ஊரில் 'கரண்டுல செத்தவன்'. அன்றைக்கு ராமேஸ்வரத்து மாடியில் அவன் மறுபடியும் செல்லச்சாமி ஆனான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அரை நிமிடத் துண்டை நாகநாதன் போன் வழியாக நெட்டில் ஏற்றிவிட, காலேஜ் பிள்ளைகள் வாயில் அது விழுந்துவிட்டது. மதினியிடம் இருப்பது பட்டன் போன்தானே என்று மதுமதி தைரியமாக இருந்தாள்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று மணிக்கு இருவரின் பாட்டு நிகழ்ச்சி. காலையில் சாமான்களை விரித்தபோதுதான் தட்டின் ஊசி வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. ஊசி இல்லாவிட்டால் தட்டு வெறும் தட்டு. வேறு வழியில்லாமல் மதினிக்குப் போன் போட்டாள். ஒன்றரை மணிக்கெல்லாம் சேதுலட்சுமி வந்து நின்றாள். சின்ன எவர்சில்வர் சம்படம், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஊசி.

"ஊசின்னியா, துணி தைக்கிற ஊசியாட்டம் இருக்கும்னு வீட்டையே கவுத்துப்புட்டேன். பஸ்ஸுல ஒருத்தி, என்ன ஆத்தா, முட்டையா கொண்டுபோறன்னு கேக்குறா!"

"சரி மதினி, கிளம்புங்க. வெயில்ல எதுக்கு."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு நீ வாசிக்கிறதப் பாக்காமப் போவேனா?"

"அப்படிச் சொல்லுங்கக்கா!" என்றான் நாகநாதன். "நீங்க இல்லாட்டி இன்னைக்கி எங்க பொழப்பு நாறியிருக்கும். மூணாவது வரிசையில ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

அவள் போனதும் மதுமதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நாகு, அந்தப் பாட்டு வேணாம்."

"வெளையாடுறியா? அதுக்குத்தானே வந்திருக்குதுக அம்புட்டும். ஏன், என்ன?"

ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் இரண்டு பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அவள் குனிந்து ஊசியை மாட்டத் தொடங்கினாள்.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துவிட்டுப் போனான் அவன்.

முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாம் வரிசையில் மதினி, பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம் மேடையைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது பாட்டு அதுதான். நாகநாதன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தி, கையை மதுமதி பக்கம் நீட்டினான். எட்டுத் தட்டு அவள் வாசிக்க வேண்டிய இடம். மதுமதி தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கைக்குக் கீழே மேசை சுழன்றது. தட்டு நகரவில்லை. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஊசி மாட்டிக்கொண்டது என்று நினைத்தான் நாகநாதன். பாட்டைக் காப்பாற்ற அவனே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான்.

"நீங்க பாடுங்க!"

"செ-செ-செல்ல-செல்லச்சாமீ!" மண்டபமே கத்தியது. அவள் அறுத்துப்போட்ட அதே அறுப்பில், அதே இழுப்பில்.

சேதுலட்சுமி திடுக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் குனிந்து எதையோ கேட்டாள். அந்தப் பெண் சிரித்தபடி போனில் அந்த அரை நிமிடத் துண்டைத் தேடி எடுத்து, தட்டிவிட்டு, அவள் காதில் வைத்தாள்.

மேடையிலிருந்து மதுமதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மதினியின் வாய் மட்டும் மெல்லத் திறந்ததைப் பார்த்தாள். பிறகு அவள் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தட்டை விட்டுவிட்டு மதுமதி கீழே குதித்தபோது மூன்றாவது வரிசையில் இடம் காலியாக இருந்தது. "ஏ மது!" என்று நாகநாதன் மைக்கிலேயே கூப்பிட்டது தெருவரைக்கும் கேட்டது.

பஸ் நிலையத்தில் பரமக்குடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சேதுலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் காலிச் சம்படம்.

"மதினி" என்றாள் மதுமதி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நீங்க சொன்னீங்க மதினி. ஒரு தரந்தான். நான்தான் இல்லைன்னுட்டேன். அண்ணன் பேரு காதுல விழணும்னு எனக்கு..."

சேதுலட்சுமி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வண்டியில் ஏறினாலும் பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு மதுமதிக்கு இடம் பிடிப்பவள் அவள். இப்போது பை மடியில் இருந்தது. பூக்கூடையோடு ஏறிய யாரோ ஒரு அம்மா, "ஆள் வருதா தாயி?" என்று கேட்டாள். சேதுலட்சுமி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். கம்பி மதுமதியின் கையை விட்டு நழுவியது.