மூன்றாம் தளத்துக் கம்பிகள்

"சார், இங்க கம்பி கம்மியா இருக்கும்னு சொன்னீங்க. ட்ராயிங்ல இருக்கறபடியே இருக்கே" என்றாள் எஞ்சினியர் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கையில் டேப்பை இழுத்துப் பிடித்தபடி உடைத்த பள்ளத்துக்குள் குந்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மூன்றாம் தளத்தில் பாதியைத் தகரம் வைத்து மறைத்துவிட்டு தரைக் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தோம். மறுபாதியில் கார்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. கார் நிறுத்துவதற்கென்றே கட்டிய ஐந்து மாடிக் கட்டடத்தை ஒரு நாள்கூட மூடாமல் பழுது பார்க்க வேண்டும் என்பது உரிமையாளர்களின் உத்தரவு. ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற பிழைப்பு. காலையில்தான் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் தூசி வராம உடைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தூசி வராமல் உடைக்க இது என்ன கோழிமுட்டையா? இப்போது திறந்திருந்த இடத்தை மாலை நாலு மணிக்குள் சீக்கிரம் இறுகும் கலவை போட்டு மூடினால்தான் மறுநாள் காலை அதன்மேல் கார் ஏறும்.

மூன்றாம் தளத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவன் நான். இந்தக் கட்டடம் எழும்பியபோது இங்கே இளம் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் என் பேச்சுக்கு மரியாதை. 'அந்தத் தளத்துல கம்பியைத் திருடிட்டாங்கம்மா, எனக்குத் தெரியும்' என்று வேறு சொல்லியிருந்தேன்.

பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். துருப்பிடித்திருந்தது. இத்தனை வருஷம் கார்கள் கொண்டுவந்து கொட்டிய மழைத்தண்ணீர், துரு பிடிக்காமல் என்ன செய்யும். ஆனால் ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி, பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. கான்கிரீட் கெடாமல் இருந்த ஓரத்தில் கம்பியும் கம்பியும் சேரும் இடங்களில் மெல்லிய கட்டுக்கம்பி அப்படியே கறுப்பாக இருந்தது. எல்லாக் கட்டும் இடப்பக்கம் முறுக்கியிருந்தது. என் மச்சான் இடதுகைக்காரர்.

அக்கா வீட்டுக்காரர். என்னை இந்தத் தொழிலுக்கே கைபிடித்துக் கூட்டி வந்தவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், நான் மேலே ஏறிக் கம்பிகளை எண்ணி அளந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வெயில். அலுப்பு. மச்சான்தானே கட்டியிருக்கிறார் என்ற தெம்பு. ஏணியில் கால் வைக்காமலே தாளில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் கிடங்குக் கணக்கில் கம்பிகளில் ஒரு கட்டு குறைந்தது. இந்தத் தளத்துக்கென்று எடுத்ததில்தான் வெளியே போயிருக்கிறது என்று சந்தேகம். பெரிய எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்தியா, இல்லையா?" என்றார். பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நான் பாத்தப்ப சரியா இருந்துச்சு சார். அப்புறம் உருவியிருப்பாங்க" என்றேன். யார் என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். அதற்குப் பிறகு மச்சானை எந்தக் கட்டட வேலைக்கும் யாரும் சேர்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு மீதி வயதைக் கழிக்கிறார். கொடுமை என்னவென்றால், போகப் போக நானே அதை நம்பிவிட்டேன். அவர் அந்த வருஷம் வாங்கிய பழைய சைக்கிளைக்கூட மனசுக்குள் சாட்சியாக நிறுத்தி வைத்திருந்தேன். சீ, என்ன பிறவி நான்! அக்கா என்னோடு பேசுவாள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடா இந்த நேரத்துல? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. மச்சான்கிட்ட குடு."

 அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், ஒரு கதவு.

"சொல்லு" என்றார். குரல் கிழடு தட்டியிருந்தது.

"மச்சான், மூணாவது மாடியை உடைச்சிருக்கோம். கம்பி எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணுகூடக் குறையல. உங்க கட்டுதான், எடது முறுக்கு. நாலு மணிக்கு மூடிடுவோம். வண்டி அனுப்பறேன், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க மச்சான்."

"நான் எதுக்குப்பா வந்து பாக்கணும்? கட்டினவனுக்குத் தெரியாதா? அன்னைக்குப் பாக்க வேண்டியவன் நீ. இப்பவாவது நல்லாப் பாரு."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லி முடித்தபோது போன் அக்காவிடம் வந்திருந்தது.

"அவர் எழுந்து போயிட்டார்டா" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்றரை மணிக்குக் கலவை இயந்திரத்தை ஓட விட்டார்கள். எஞ்சினியர் பெண் தாளை நீட்டினாள். 'கம்பிகள் சரிபார்க்கப்பட்டன' என்ற வரி, அதற்குக் கீழே என் கையெழுத்துக்கான கோடு.

"நான்தான் காலையிலேயே அளந்துட்டேனே சார். போட்டுடுங்க."

"அம்மா, அன்னைக்கு நான் மேல ஏறவே இல்ல. பாக்காமலே போட்டேன். யாரும் எதையும் திருடல. நான்தான் பொய் சொன்னேன். அதையும் ரிப்போர்ட்ல எழுதிக்கோ."

அவள் பேனாவை மூட மறந்து என்னையே பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி மண்டி போட்டேன். முட்டி வலியில் உயிர் போனது. முதல் கம்பி. ஆறு அங்குலம். கட்டு, இடது. இரண்டாவது. ஆறு. இடது. தகரத்துக்கு அப்பால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். "சார், கலவை இறுகுது" என்று ஒரு ஆள் கத்தினான். ஏழாவது கம்பியில் துரு கையோடு வந்தது. துண்டு இல்லாததால் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எட்டாவதுக்கு நகர்ந்தேன். இன்னும் முப்பதுக்கு மேல் இருந்தது.