வாசலில் திரும்பிப் பார்க்கிறவரின் பெயர்

1

இந்தக் கதை ஒரு பின்னூட்டத்திலிருந்து பிறந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் என் வலைப்பூவில் சின்னதாக ஒரு பதிவு போட்டேன். என் வீட்டுக்காரர் காலையில் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசலில் வண்டியை நிறுத்தி, திரும்பி, என் முகத்தையே பார்ப்பார். நான் "போயிட்டு வாங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்தவரில்லை, ஐம்பது தாண்டியதும் மனுஷனுக்குப் பிரியம் பொங்கி வழிகிறது என்று கிண்டலாக எழுதியிருந்தேன்.

பதிவுலகம் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிற காலத்தில், அந்தப் பதிவு வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி என் மகள் ஓவியா தங்கியிருக்கும் கோயம்புத்தூர் ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டது. ஆதிகாலத்திலிருந்து முதல் ஆளாக வந்து 'மீ த பஸ்ட்டு' என்று மட்டும் போட்டுவிட்டு ஓடுகிற வாசகர் ஒருவர் இந்த முறை முழு வாக்கியமே எழுதியிருந்தார்: "அக்கா, மாமா வாசலில் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி இன்னொன்று எழுதுங்கள்."

எழுதுகிறேன் தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி அது இருக்காது. அதனால்தான் இதைப் பதிவு என்று சொல்லாமல் கதை என்று சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பொட்டலில் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தபோது..." (சூரியன் சாயாத கதை உண்டா? வேண்டாம்.)

"நாகையா வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்." (சாமர்த்தியமாக இருக்கிறது. முப்பது வயதில் என்றால் இதைத் தலைப்பாகவே வைத்திருப்பேன். இப்போதெல்லாம் சாமர்த்தியமான வாக்கியத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.)

"என் கணவருக்கு..." (இந்த வாக்கியத்தை முடிக்க முடிந்திருந்தால் கதை எதற்கு?)

ஆகவே வெறும் தகவலோடு தொடங்குகிறேன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வலைப்பூவைத் தொடங்கினேன். வேல்விழி என்பது அங்கே எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர். பட்டாசுக் கம்பெனியில் யாருக்கும் அது நான்தான் என்று தெரியாது. முகப்பில் ஒரு வரி போட்டேன். இன்றும் இருக்கிறது: "பார்த்ததை எழுதுகிறேன்." அந்த ஒரு வரிக்காக, விளம்பரம் தருகிறேன் என்று வந்தவர்களிடமும், பெயர் போடாமல் அனானியாக வந்து திட்டியவர்களிடமும், சொந்த நாத்தனாரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். நாத்தனார் இன்னும் பேசுவதில்லை.

இந்தக் கதையில் என் கணவரின் பெயர் நாகையா. கம்பெனியில் செய்கிற ஒவ்வொரு ரகத்திலும் சிலவற்றை எடுத்துச் சாயங்காலம் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். கொளுத்துகிறவர் இவர். வெடிச்சத்தம் சுத்தமாக இருந்தால் "சரி" என்பார், லோடு ஏறும். மொத்தையாக இருந்தால் "தள்ளு" என்பார், ஏறாது. மேனேஜர் தங்கப்பாண்டியன்கூட அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. "நாகையா காது" என்று கம்பெனியில் ஒரு பேச்சே உண்டு.

3

பார்த்தது இதுதான்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். வெம்பக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் பொட்டலுக்குப் போனேன். (உண்மையில் அது கல்யாணமில்லை, காதுகுத்து. காதைப் பற்றிய கதையில் காதுகுத்து வந்தால் ஜோடித்தது என்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் பொய் மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் எழுதியும் இந்தத் தொல்லை தீரவில்லை.)

கயிறு கட்டியிருந்த எல்லைக்கு வெளியே நின்றேன். நடுவில் அவர். திரியைப் பற்றவைத்துவிட்டுப் பின்னால் வந்தார். தரையில் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். [நெஞ்சுல இல்ல. வயித்துல.] மேலே வெடித்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு "சரி" என்றார். அடுத்த வெடி. மறுபடியும் அதே பெட்டி.

(சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் எழுதியதல்ல. யார் எழுதியது என்று பிறகு சொல்கிறேன்.)

தீப்பொறி மேலே படாமல் இருக்கத்தான் பெட்டியைப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய் வெடிக்கிற மல்டி ஷாட் பெட்டி ஒன்று பாதி வெடித்த நிலையில் சரிந்தது. வானத்துக்குப் போக வேண்டியதெல்லாம் தரையோடு சீறிக்கொண்டு வந்தது. கூட வேலை பார்க்கும் சங்கையா தொண்டை கிழியக் கத்தினார்: "அண்ணே, விலகுங்க! விலகுங்கண்ணே!" மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். இவர் மட்டும் முதுகைக் காட்டிக் குனிந்து, அடுத்த பெட்டியின் திரியை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தோளில் சட்டை கருகிய பிறகுதான் நிமிர்ந்தார்.

நிமிர்ந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? தோளைத் தட்டவில்லை. சுற்றி நின்றவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் வாசலில் நிற்கிற பார்வை.

4

(இது கட்டுரை மாதிரி இருக்கும். கதை மட்டும் வேண்டுகிறவர்கள் ஐந்துக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

முப்பது வயதில் இதைப் பார்த்திருந்தால் வெம்பக்கோட்டை பஸ்ஸிலேயே மனசுக்குள் பதிவை எழுதி முடித்திருப்பேன். காலிப் பெட்டியை அணைத்துக்கொண்டு வெடிச்சத்தம் கேட்கிற மனிதர்! ஒரு பதிவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்போதெல்லாம் முதலில் சொல்வதுதான் எனக்கு முக்கியம். யாருக்கு வலித்தாலும் உண்மை உண்மைதான் என்று மார்தட்டுவேன். இப்போது அந்த உண்மைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. (இதுவும் சாமர்த்தியம்தான். ஆனால் அடிக்க மனம் வரவில்லை.)

இது பக்குவமா, வெறும் பயமா? மூட்டுவலியும் வெள்ளெழுத்தும் வந்த மாதிரி பயமும் வந்து சேர்ந்துவிட்டதா? எனக்கே தெரியவில்லை. எழுதினால் அவர் வேலையும் மதிப்பும் போகும். எழுதாவிட்டால் அவர் தினமும் சாயங்காலம் அந்தப் பொட்டலில் நிற்பார், அடுத்த தடவை சட்டையோடு நிற்காது. இடையில் நான் உட்கார்ந்து மழை, மல்லிகை, மதுரை பஸ் ஸ்டாண்டு என்று மூன்று பதிவுகள் போட்டேன். மூன்றும் உப்பில்லாத பண்டம்.

ஓவியாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஒண்ணு அப்பாவ உள்ளபடி எழுது. இல்லன்னா அப்பாவப் பத்தி எழுதுறதையே விட்டுரு. பாதிய மறைச்சு எழுதுனா படிக்கிறப்பவே தெரியுதும்மா." அவள் மேல் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் வருகிற கோபம்தான்.

5

காதுகுத்து முடிந்து திரும்பிய மறுநாள் வீட்டில் பேசினோம். என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்படி எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"எம்புட்டு நாளா இப்பிடி இருக்கு?"

"எப்பிடி?"

"காது கேக்கல உங்களுக்கு."

கருகிய சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கேக்குது. அடுத்த ஊர்ல பேசுற மாதிரி கேக்குது. போன பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு முன்னாடியிருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதிருவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டர்ட்ட போவோம். மேனேஜர்ட்ட சொல்லிட்டு வேற வேலை கேளுங்க."

"தீபாவளி சீசன் முடியட்டும்."

"சீசனுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா? கயித்துக்கு வெளிய நின்ன எனக்குச் சங்கையா அண்ணன் கத்துனது கேட்டுச்சு. உள்ள நின்ன உங்களுக்குக் கேக்கல."

"இத்தன வருசமா நான் சரின்னு சொன்னதத்தான் ஊரு பூரா வெடிக்குது. இன்னைக்குப் போயி காது போச்சுன்னா, நேத்து சொன்ன சரி எந்தச் சரின்னு கேப்பாகல்ல? பேக்கிங்ல உக்காந்து டப்பா ஒட்டச் சொல்லுவாக. வாரவுக போறவுகல்லாம் பாவம்னு பாப்பாக. எனக்கு அது வேண்டாம் புள்ள."

நாகையா யாரிடமும் எதையும் வேண்டாம் என்று கெஞ்சி நான் கேட்டதில்லை. அது கெஞ்சல்தான். வேறொன்றைக் கேட்டேன்.

"காலைல வாசல்ல திரும்பிப் பாக்கீகளே, அது..."

(அன்றும் வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.)

"நீ சொல்றது காதுல விழல. வாயப் பாத்தாத் தெரியுது. அதான்."

அழுதேன். இதை அழகாகச் சொல்ல வேறு வழி தேடினேன், கிடைக்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிய என் பதிவை நினைத்து அழுதேனா, அவரை நினைத்து அழுதேனா என்றால் இரண்டுக்கும்தான்.

6

முடிவுகள்.

அ. டாக்டர். காது மெஷின். தீபாவளிக்கு ஓவியா வருகிறாள், அப்பாவிடம் ரகசியம் பேசுகிறாள், அவருக்குக் கேட்டுவிடுகிறது. சுபம். (எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் மெஷின் மாட்டியவரைப் பொட்டலில் விட மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.)

ஆ. ஒரு நாள் சாயங்காலம் பொட்டலில்... (மாட்டேன். எங்கள் தெருவில் பட்டாசு வேலைக்குக் கிளம்புகிறவரிடம் "எப்ப வருவீக" என்றுகூடக் கேட்க மாட்டோம். "போயிட்டு வாங்க" என்பதோடு சரி. அப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு இதை எழுதுவேனா?)

இ. நானே தங்கப்பாண்டியன் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். (நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது கத்தினால் அவருக்குக் கேட்காது. அதே முதுகுக்குப் பின்னால் நானும் பேச வேண்டுமா?)

7

இன்று மழை. மழை பெய்தால் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு, அச்சகத்துக்குக் கிடையாது. ஆகவே இன்று கிளம்புகிறவள் நான்.

காலையில் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, மேலே இருப்பதையெல்லாம் படிக்கச் சொன்னேன். நான் அடுப்படியில் இட்லியைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிறுத்தினார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எதையோ சேர்த்தார். அதுதான் அந்தச் சதுர அடைப்புக்குறி. பெட்டியை வயிற்றில் வைத்தால்தான் வெடியின் அதிர்வு தெளிவாகத் தெரியுமாம். நெஞ்சில் வைத்தால் அவருடைய சொந்தத் துடிப்பு குறுக்கே வந்துவிடுமாம். (இதை நான் எந்தக் கற்பனையிலும் எழுதியிருக்க மாட்டேன்.)

படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பழைய பதிவ அழிச்சிராத."

"அது நான் தப்பாப் புரிஞ்சு எழுதுனது."

"தப்பில்ல. காது கேக்காமத்தான் திரும்பிப் பாத்தேன். ஆனா சங்கையாவும்தான் தெனம் போயிட்டு வாரேன்னு சொல்லுதான், அவன் வாயவா நின்னு பாக்கேன்?"

சொல்லிவிட்டு இட்லிக்குச் சட்னி கேட்டார். நான் சட்னியை ஊற்றினேன். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"பொய்ப் பேரு போட்டா என்னாகும்?"

"இந்தப் பக்கம் வெடிச்சுப் பாக்குறவுக எம்புட்டோ பேரு இருக்காக. மத்தவுக பேரையும் மாத்தித்தான் வச்சிருக்கேன், யாருன்னு யாருக்கும் தெரியாது. வெறும் கதையாப் போயிரும்."

"நெசப் பேரு போட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள மேனேஜர் போனுக்கு வந்துரும். நாளைக்கு உங்கள பொட்டலுக்குள்ள விட மாட்டாக."

சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அச்சகத்தில் நான் அன்றாடம் செய்கிற ஒரு வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெயரைத் தேடச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு பெயரைத் தட்டினால், முழுக் கதையிலும் ஒரே அழுத்தில் மாறிவிடும். மாறினால் எங்கும் இடிக்கக் கூடாது என்று நாகையா என்ற பெயரின் வாலில் எதையும் ஒட்டாமலேயே எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் திரும்பப் போய்ப் பாருங்கள். வெளியிடுகிற பொத்தானையும் காட்டினேன், அழிக்கிற பொத்தானையும் காட்டினேன். பார்த்ததை நான் எழுதிவிட்டேன். யாரைப் பார்த்தேன் என்று சொல்வது இனி அவர் பாடு.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் அழிக்கவில்லை. அவ்வளவுதான் உறுதி. நாகையா என்று நீங்கள் படித்துக்கொண்டு வந்தது நான் வைத்த பொய்ப் பெயரா, அவர் ஒற்றை விரலால் தட்டிப் போட்ட சொந்தப் பெயரா என்பதை இந்தக் கதைக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் வைத்த பெயரை இங்கே ஒருமுறை எழுதிக் காட்டினாலும், மாற்றும்போது அதுவும் சேர்ந்து மாறியிருக்கும். பொய்ப் பெயர் என்றால் அவர் நாளைக்கும் பொட்டலில் நிற்பார். சொந்தப் பெயர் என்றால் நிற்க மாட்டார். எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக நல்லதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடையை எடுத்து வைத்துவிட்டேன். இந்த வரியை முடித்ததும் எழுந்து அவருக்கு இடம் விட வேண்டும். வாசலில் போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். தகரத்தில் மழை இப்படி இரைகிறபோது அவர் சொல்வது எனக்கும் கேட்காது. வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.