படத்தில் இருந்த தலை

பிழைக்க வந்த வெளிநாட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவருக்கு, தலை என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் கோணல் பிடரியையே பார்த்துக்கொண்டு நாலு நிறுத்தம் தாண்டிப்போய் இறங்கிய ஆள். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒன்றரை வயது மகளின் தலை மட்டும் காடு. உள்ளே இரண்டு குருவிகள் தனிக்குடித்தனம் நடத்தலாம். அதில் கத்திரி படக்கூடாது என்று மனைவியின் கண்டிப்பான உத்தரவு.

சொந்த ஊரில் மனைவியின் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். "நீ வராம நான் மேடை ஏற மாட்டேன்க்கா" என்று அவள் போனிலேயே அழுது தீர்த்திருந்தாள். அக்காவோ குழந்தையை விட்டுவிட்டு நகர மாட்டாள். குழந்தைக்கோ பாஸ்போர்ட் இல்லை. தூதரகத்தில் கிடைத்தது வியாழன் காலை பத்தரை மணி மட்டும். அதை விட்டால் கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான்.

படம் எடுப்பதற்குள் புகைப்படக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆடாகக் கத்தினார், குரங்காகக் குதித்தார். நாற்பத்தேழாவது படத்தில்தான் மகள் வாயை மூடி, கண்ணைத் திறந்து, தலைமையாசிரியர் போல முறைத்தாள்.

வியாழன் காலை மனைவி குளிக்கப் போனாள். அவர் மகளைப் பார்த்தார். 'பரட்டைத் தலையோட ஆபீசர் முன்னால நின்னா என் தொழிலுக்கே அவமானம். ஓரத்தை மட்டும் ஒதுக்கிடலாம்.' இடப்பக்கம் ஒதுக்கினார். வலப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்தார். இப்போது இடப்பக்கம் தூக்கல். பத்தே நிமிடத்தில் தலை கத்திரிக்காயாகிவிட்டது.

"ஏங்க! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஓரம் மட்டும்தாம்மா..."

"ஓரமா? நடுவையே காணோமே!"

சண்டை போட நேரமில்லை. மனைவி குனிந்து, முதல் முடியாயிற்றே என்று ஒரு சுருள் விடாமல் பொறுக்கிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

கவுண்டரில் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் பொண்ணு சார்."

"அப்ப மடியில இருக்கிறது?"

"அதுவும் அவதான் சார்."

"விளையாடுறீங்களா? புதுசா படம் எடுத்து, புதுசா நேரம் வாங்கிட்டு வாங்க."

மேடை ஏற மாட்டேன் என்று மச்சினி உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் கண்முன் வந்து நின்றது.

மனைவி கைப்பையைத் திறந்தாள். கவரிலிருந்து சுருட்டை முடியை அள்ளி, கூடு கட்டுவதுபோல மகள் தலையில் அடுக்கினாள். தலை கூசவே, மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அதிகாரியை முறைத்தாள். அச்சு அசல் அந்த நாற்பத்தேழாவது முறைப்பு!

அதிகாரியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கப் போனவருக்குத் தும்மல் வந்துவிட்டது. முடி பறந்து கோப்பில், டீயில், அவர் சட்டைக் காலரில் எல்லாம் விழுந்தது.

தொழில் பழக்கம் யாரை விட்டது? குழந்தையின் அப்பா சட்டென்று கைக்குட்டையை உதறி, "கொஞ்சம் குனிங்க சார்" என்றார். அதிகாரியும் தன்னை மறந்து குனிந்தார். பிடரியைத் துடைத்து, ஒரு ஊது ஊதிவிட்டு, அவர் பணிவோடு நின்றார்.

டப்பென்று முத்திரை விழுந்தது.

வாசலுக்கு வந்ததும் அவருக்குத் தெம்பு திரும்பியது. "பாத்தியா, எப்படி முடிச்சேன்!"

"வீட்டுக்குப் போனதும் கத்திரியை எடுத்து என்கிட்ட குடுத்திருங்க."

"எதுக்கும்மா?"

"என் பாஸ்போர்ட் படத்துல பின்னல் இருக்கு."