காது மாறிய பிராக்கெட்டுகள்

கணினியில் ஐசோமெட்ரிக் படம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. ஊர் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொண்டேன். ஓர் இரும்புத் துண்டை மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று தட்டையான பார்வைகளாக வரைய யாருக்கும் வரும். அதையே முப்பது டிகிரி சாய்வில், மூன்று முகமும் ஒருசேரத் தெரிய வரைந்து தாளின் மூலையில் வைப்பேன் பாருங்கள், அதுதான் வித்தை. பட்டறையில் அதற்குப் 'பொம்மை' என்று பெயர். என் பொம்மையைக் கையில் எடுக்கப்போய் விரலை இடித்துக்கொண்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

முறைப்படி அளவையும் திசையையும் அந்த மூன்று பார்வைகளில்தான் பார்க்க வேண்டும். பொம்மை சும்மா துணைக்கு. ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது பொம்மையைத்தான். அதே பட்டறையில், இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினில் நின்ற என் அக்கா புருஷனும் அப்படித்தான்.

"ஆளே எதிர்ல நிக்கறப்ப போட்டோவ எதுக்கு மாப்ளே பார்க்கணும்?" என்பார்.

பதினைந்து வருடம் முன்பு ஒரு பிராக்கெட், அதாவது தாங்கு இரும்பு, வரைய வந்தது. வலப்பக்கம் மட்டும் ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும். பொம்மையைப் போட்டேன், அந்தக் காது, பெயரும் எண்ணும் எழுதும் கட்டத்தில் போய் இடித்தது. படத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். அழகு கெட்டுவிடுமே! மிரர் கட்டளையைத் தட்டினேன். பொம்மை கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு, காது இடப்பக்கம் போய், தாள் ஓவியமாகிவிட்டது. காது மாறினால் பாகமே மாறிவிடும் என்பது அத்தனை ஆயிரம் பொம்மை போட்ட மண்டையில் உறைக்கவில்லை.

அதைப் பார்த்து மச்சான் வெட்டியது அறுபது பிராக்கெட்டுகள். அறுபதுக்கும் காது இடப்பக்கம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

விசாரணை என்றதும், எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பொம்மையைத் திருப்பி வைத்தேன். பட்டறைக்குப் போன தாள் எண்ணெயில் ஊறிக் குப்பைக்குப் போயிருந்தது. என் திரையைப் பார்த்த மேலாளர் மச்சானிடம் திரும்பினார்.

"படம் சரியாத்தானே இருக்கு? உங்களுக்குப் பார்க்கத் தெரியலையா?"

"இல்ல சார்... நான் பார்த்தப்ப காது இந்தப் பக்கம்..."

மச்சானின் கை காற்றில் இடப்பக்கமாக நின்றது. என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுத்தமான விசைப்பலகை உலகத்திலேயே இருந்திருக்காது.

அவருக்கு வரவேண்டிய ஃபோர்மேன் பதவி வேறொருவருக்குப் போனது. மச்சான் மெஷின்காரராகவே ஓய்வு பெற்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். பலகைகளாகப் பெட்டியில் வந்த அலமாரியை மச்சான் தரையில் பரப்பி வைத்திருந்தார். ஒரு கையில் திருப்புளி, மறு கையில் பூட்டும் முறை அச்சிட்ட தாள். அதிலும் பொம்மைகள்தான், எவனோ சுமாராகப் போட்டிருந்தான்.

"நல்லவேளை வந்த மாப்ளே. இந்தத் துளை உள்பக்கமா வெளிப்பக்கமா?"

"காலையிலேர்ந்து அந்தத் தாளத்தான் மொறச்சுக்கிட்டிருக்காரு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "தாளே பயந்து பேசிடும்போல."

"உள்பக்கம். உங்களுக்குத் தெரியாததா மச்சான்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா என் கண்ண நான் நம்பறதில்லடா. ஃபோர்மேனா வாங்கன்னு அப்புறம் ரெண்டு தடவ கூப்ட்டாங்க. அறுபதக் கெடுத்த கண்ண வச்சுக்கிட்டு இன்னொருத்தன எப்படி மேய்க்கறது? வேணாம்னுட்டேன்."

அவர்கள் கொடுக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நாக்கில் ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. விழுங்கினேன். மிரர், கட்டம், டீ நேரம், எல்லாம் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டாமல் நான் பேசியது அன்றுதான்.

மச்சான் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அப்ப, காது இடப்பக்கம்தான் இருந்துச்சா?"

"ஆமா மச்சான்."

"நான் பார்த்தது சரி."

"சரிதான்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் தேவலை. நல்ல சேதி கேட்டவர்போல அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"நீ கிளம்பு," என்றார் மெதுவாக. "நான் கூப்பிடற வரைக்கும் வராத. உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

நான்கு ஞாயிறு போய்விட்டது. கூப்பிடவில்லை. அக்காவும்தான்.