வெள்ளைக் கோடு

அந்தச் சலவை ஆலையில் ஃபிட்டருக்கு வைத்திருந்த பெயர் ‘ரெண்டாந்தடவை’. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆசாமிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அதே ஆலையில் ஈரத்துணி பிழியும் எந்திரத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவிக்குப் பொறுமை போய் வெகுகாலமாயிற்று. அன்று காலையும் தெருமுனையில் நின்று சத்தம் போட்டாள். “செஞ்சத ஒரு நாளாவது நம்புங்களேன்! உங்க கை செஞ்சதுதானே?”

அவனும் அன்றைக்கு நம்பித் தொலைத்தான்.

பிழியும் எந்திரம் நெஞ்சளவு உயரத் தொட்டி. உள்ளே ஓர் உருளை, ஆஸ்பத்திரி விரிப்புகளை அள்ளிப்போட்டுக்கொண்டு பேய்வேகத்தில் சுற்றும். காலையில் அதற்குப் பேரிங் மாற்றினான். பேரிங் கூட்டின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. எதிரெதிராக, முதல் சுற்றில் பாதி இறுக்கம், அடுத்த சுற்றில் முழு இறுக்கம். அதற்கென்றே டார்க் ரெஞ்ச் இருக்கிறது, கைப்பிடியைத் திருப்பி இறுக்க அளவை வைத்துக்கொள்ளலாம். வைத்த அளவு வந்ததும் ‘டக்’கென்று சொல்லும். எல்லாம் முடிந்தபின் போல்ட் தலையிலிருந்து அடி இரும்பு வரை ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பெயின்ட் பாட்டிலின் மூடி எப்போதோ உடைந்து, பெயின்ட் காய்ந்துகொண்டே வந்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று முதல் சுற்று முடிந்ததுமே கோட்டைத் தீட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் கூப்பிட்டார், சாக்கடை அடைப்பு. போய்விட்டு வந்தால் எல்லாத் தலையிலும் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. எதற்கும் ஒரு தடவை முறுக்கிப் பார்க்கலாமா என்று கை அரித்தது. காலையில் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. வேலை நடக்கும்போது யாரும் ஓட்டிவிடாமல் ஸ்விட்சில் மாட்டியிருந்த தன் பூட்டைக் கழற்றி, “ஓட்டலாம் சார்” என்று சொல்லிவிட்டான்.

சாமான் அறையில் ரெஞ்சைத் துடைத்து வைக்கும்போதுதான் அதன் கைப்பிடியைப் பார்த்தான். அளவு பாதியிலேயே நின்றது. முழு இறுக்கத்துக்கு அவன் அதைத் திருப்பவே இல்லை.

ரெஞ்சோடு ஓடினான்.

எந்திரம் முழு வேகத்தைப் பிடித்திருந்தது. மனைவி தொட்டிமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பக்கத்து எந்திரக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பொத்தானுக்குப் போன கையை அவனே இழுத்துக்கொண்டான். அழுத்தினால் பிரேக் சட்டென்று கவ்வும். தளர்ந்த போல்ட்டுக்கு அந்த உதறல் ஒன்றே போதும். அந்த எந்திரத்தின் மெயின் ஸ்விட்சை இறக்கினான். இனி அது தானாக அடங்க வேண்டும்.

“வெளிய வா! ஓடு!”

“ஆரம்பிச்சாச்சா?” என்றாள் மனைவி. பக்கத்து எந்திரக்காரி, “ரெண்டாந்தடவை வந்தாச்சு!” என்று கைதட்டினாள்.

அவன் மனைவியின் கையைப் பிடித்துத் தரதரவென்று தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் தூணோடு ஒட்டி நின்றுகொண்டாள். வேகம் குறையக் குறையத் தொட்டி ஆட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. வேண்டிக்கொள்ளலாம் என்றால் ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. கடைசியில் ஒருவழியாக நின்றது.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். “யாரக் கேட்டு நிறுத்தின?”

“இறுக்காம விட்டுட்டேன் சார். நான்தான்.”

அளவைத் திருப்பி ரெஞ்சை மாட்டினான். அவசரத்தில் இரண்டு முறை நழுவியது. போல்ட் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. கோடு இரண்டாக உடைந்து விலகிய பிறகுதான் ‘டக்’ கேட்டது. அடுத்த போல்ட் விரலுக்கே சுற்றியது.

மனைவி உடைந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து எந்திரத்தைப் பார்த்தாள். அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அவன் பேரிங் மாற்றிய எந்திரம்.

“என்னங்க, இறுக்கினா கோடு உடையுது. அதுல ஒரு கோடுகூட உடையலையே. நேத்து கோட்ட எப்பப் போட்டீங்க? முன்னாடியா, பின்னாடியா?”

மூடி உடைந்தது நேற்றா, முந்தாநாளா? அவன் யோசித்தான்.

“தெரியலையே” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், அவள் ஓடிப்போய்ப் பக்கத்து எந்திரக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.