காளானுக்குப் பூசிய மருந்து

1

அறையில் இருந்தவர்கள்: பாசிகளை ஆராயும் அக்கா. அலமாரிக்குக் கதவு போட வந்த தச்சன்; அவன் அவளுடைய தம்பிதான். மேசைமேல் உளுத்த மரக்கட்டை ஒன்று. அதில் அரிய பாசி கொஞ்சம், எங்கும் கிடைக்கிற காளான் நிறைய. நான் அங்கே இல்லை. தச்சன் சொல்லித்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பச்சைப் பட்டு விரித்ததுபோல அந்தப் பாசி...'

பொய். நகக்கண்ணில் சேரும் அழுக்கு அளவுக்குத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தப் பாசி வேறெங்கும் மிஞ்சவில்லை. பதினொரு மணிக்கு அதிகாரி வருவார். பாசி உயிரோடு இருந்தால் ஆய்வறை நீடிக்கும். இல்லாவிட்டால் அறையை மூடிவிடுவார்கள். அக்காவின் வேலையும் போகும்.

3

பத்தரைக்கு உள்ளே வந்த அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"என்னடா நாத்தம்?"

"காளான் மருந்துக்கா. நீ டீ குடிக்கப் போனப்ப ரெண்டு கோட்டு அடிச்சுட்டேன். கட்டையையே தின்னுட்டு இருந்துச்சு. உன் பாசி மேல ஒரு சொட்டு படல."

"அடப்பாவி! காளான் தின்னு உளுத்த மரத்துலதான்டா அது பிழைக்கும்! மருந்து உள்ள ஊறாதா?"

"பச்சையாத்தானேக்கா இருக்கு?"

"ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும். செத்தது அதுக்கே தெரியாது."

(இவ்வளவு அப்பாவியா இவன் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் இருபது வருடமாக மரத்தைக் காளானிடமிருந்து காப்பாற்றியே சாப்பிட்டவன். வேறென்ன செய்வான்?)*

* காளான் மரத்தைத் தின்னும். பாசி தின்னாது; காளான் தின்றுவைத்த மெத்தையில் உட்காரும். பேரெல்லாம் பாசிக்கு, பாடெல்லாம் காளானுக்கு.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அக்கா உண்மையைச் சொல்கிறாள். அறை போகிறது.

பச்சையைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறாள். அறை நிற்கிறது, ஒரு பிணத்தைக் காவல் காக்க.

தம்பிமேல் பழியைப் போடுகிறாள். அவன் தலைகுனிந்து

வேண்டாம். இதை எழுதக் கை வரவில்லை.

5

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கட்டைமேல் குனிந்தார். முகர்ந்தார்.

"இது என்னம்மா வாசனை?"

தம்பி வாயைத் திறந்தான். "சார், நான்தான்..."

"நீ வெளிய போ."

"அக்கா, நான் சொல்றேனே..."

"போடான்னா போடா!"

அதிகாரிக்கு அவள் சொன்ன பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். தச்சன் அதைக் கேட்கவில்லை. உளிப்பையை எடுத்துக்கொண்டு அவன் வாசலைத் தாண்டியதும், அக்கா கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.